பிள்ளைகளின் கை மாவில் படட்டும்

வானொலி மறையுரை
பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, 23.07.2023
நற்செய்தி: மத்தேயு 13:24-43



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் மூன்று உவமைகளைச் சொல்கிறார். கோதுமை வயலில் முளைத்த களைகள் முதல் உவமை. கடுகு விதை இரண்டாவது. புளிப்பு மாவு மூன்றாவது. முதல் உவமைக்கு ஆண்டவரே விளக்கமும் தந்துவிடுகிறார். அதனால் நாம் பெரும்பாலும் களைகளைப் பற்றியே பேசிவிட்டு மூன்றாவது உவமையைக் கடந்து போய்விடுகிறோம். அது ஒரே ஒரு வசனம். வயலில் வேலை செய்யும் மனிதரைக் காட்டிய ஆண்டவர், அந்த ஒரு வசனத்தில் வீட்டுக்குள் மாவு பிசையும் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். இன்று அந்தப் பெண்ணின் அருகில் சற்று நேரம் உட்காருவோம்.

அவர் எடுத்துக்கொண்டது மூன்று மரக்கால் மாவு. நூறு பேருக்கு மேல் சாப்பிடக்கூடிய அப்பம் அதில் வரும் என்று விவிலிய அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். அவ்வளவு மாவையும் புளிக்க வைத்தது ஒரு சிறு உருண்டைப் புளிப்பு மாவு. அந்த நாள்களில் முந்தைய நாள் பிசைந்த மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து, அதையே மறுநாள் புது மாவில் சேர்ப்பார்கள். நம் வீடுகளில் உறை மோர் எடுத்து வைக்கிறோமே, அதே முறைதான்.

இயேசுவுக்கு இது எப்படித் தெரியும்? இதைப் பற்றி விவிலியம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாம் எண்ணிப் பார்க்கலாம். நாசரேத்து ஒரு சிற்றூர். அங்கே தானியத்தைத் திரிப்பதும் மாவைப் பிசைவதும் அன்றாட வீட்டு வேலைகள். அன்னை மரியா மாவு பிசையும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மூடி வைத்ததைத் திறந்து பார்க்கத் துடித்து, "இன்னும் கொஞ்சம் பொறு" என்று கேட்டுப் பழகிய ஒரு பிள்ளைதான், பிற்காலத்தில் விண்ணரசைப் பற்றிப் பேச வந்தபோது அந்த மாவை நினைத்திருப்பார். அந்த அடுப்படியே அவருக்கு ஓர் உவமையைத் தந்திருக்கிறது.

அன்புக்குரியவர்களே, நம் பிள்ளைகளுக்கு நம் அடுப்படி என்ன தருகிறது? இன்று நாம் சிந்திக்கப்போவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

"மாவு எங்கிருந்து வருகிறது?" என்று சிறு பிள்ளைகளைக் கேட்டால், பலரும் "கடையிலிருந்து" என்கிறார்கள். அதில் பிள்ளைகளின் குற்றம் ஒன்றுமில்லை. இட்லி மாவு கடையிலிருந்து வருகிறது, தயிர் பாக்கெட்டில் வருகிறது, தின்பண்டம் சரம் சரமாகக் கடை வாசலில் தொங்குகிறது. நம் பாப்பிரெட்டிப்பட்டி பகுதியில் எத்தனையோ வீடுகளில் தாய் விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார். இன்னும் பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பெங்களூரிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். பிள்ளை அழுதால் கையில் பத்து ரூபாயைக் கொடுக்கிறோம். அழுகை நின்றுவிடுகிறது. உழைத்துக் களைத்த எந்தத் தாயையும், மூட்டு வலியோடு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எந்தப் பாட்டியையும் குறை சொல்ல இந்த மறையுரை வரவில்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாயில் பிள்ளை என்ன பெறுகிறது, எதை இழக்கிறது என்பதை நாம் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

2023ஆம் ஆண்டு அதைப் பார்க்க நல்ல ஆண்டாக இருந்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருக்கிறது. கேழ்வரகும் சாமையும் நமக்குப் புதியவை அல்ல. களியும் கூழும் சாப்பிட்டுத்தான் நம் முன்னோர் இந்த மண்ணை உழுதார்கள். சித்தேரி மலையில் இன்றும் சாமை விளைகிறது. 2023 மே மாதத்தில் நம் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். வளரும் பிள்ளையின் எலும்புக்கு வேண்டியது இதுதான். அந்தக் கேழ்வரகு இப்போது நம் வீட்டு மூலையில் பையில் இருக்கிறது. அதைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? மூன்று காரியங்கள் நடக்கும்.

முதலாவதாக, பிள்ளை காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.

கேழ்வரகை முளைகட்டுவது எப்படி என்று நம் பாட்டிமார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இளம் தாய்மார்களுக்காகச் சொல்கிறோம். ஒரு தட்டில் கேழ்வரகைப் பரப்பி, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கல்லும் தூசியும் பொறுக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகூட இதைச் செய்யும். பிறகு நாலைந்து முறை தண்ணீர் மாற்றிக் கழுவி, இரவு முழுதும் ஊறவிடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, ஈர வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி இருட்டான இடத்தில் வையுங்கள். துணி காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். ஒரு நாள், ஒன்றரை நாளில் வெள்ளை வெள்ளையாக முளை விடும். அதை நிழலில் நன்றாகக் காயவைத்து, வாசனை வரும்வரை லேசாக வறுத்து, மில்லில் அரைத்துக்கொண்டால் மாவு தயார். முளைகட்டுவதால் எளிதில் செரிக்கும். தானியத்தில் உள்ள சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும்.

அந்த ஒன்றரை நாளில் பிள்ளை பத்து முறையாவது மூட்டையிடம் போகும். "ஆயா, ஏன் இன்னும் முளைக்கல?" என்று கேட்கும். கடைக்காரரிடம் காசைக் கொடுத்தால் உடனே பாக்கெட் கைக்கு வரும். கேழ்வரகு அப்படி வராது. அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை நாம் அவசரப்படுத்த முடியாது. ஆண்டவர் சொன்ன உவமையை மூல மொழியாகிய கிரேக்கத்தில் பார்த்தால், அந்தப் பெண் புளிப்பு மாவை மாவுக்குள் "மறைத்து வைத்தார்" என்ற பொருள் தரும் சொல்லே அங்கே இருக்கிறது. மறைந்திருக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. கடவுள் நம் வாழ்வில் வேலை செய்வதும் பல நேரங்களில் அப்படித்தான். வேண்டியது உடனே கிடைக்கவில்லை என்று மனம் சோரும் காலம் நம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் வரும். அன்று, துணிக்குள் யாருக்கும் தெரியாமல் முளைத்த கேழ்வரகைச் சின்ன வயதில் பார்த்திருக்கிற பிள்ளைக்கு நம்பிக்கை வைக்க ஓர் ஆதாரம் இருக்கும்.

இரண்டாவதாக, பிள்ளை வாங்கவும் கொடுக்கவும் கற்றுக்கொள்ளும்.

தயிருக்கு உறை ஊற்றுவது வீட்டிலேயே மிகச் சிறிய வேலை. காய்ச்சிய பால் ஆறி, விரல் பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கும்போது, அரை லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி மோர். பிள்ளையின் கையாலேயே ஊற்றிக் கலக்கி மூடி வைக்கலாம். இரவு மூடியது காலையில் தயிராகிவிடும். உறை மோர் இல்லாவிட்டால்? பக்கத்து வீட்டுக்குப் பிள்ளையைக் கிண்ணத்தோடு அனுப்புவோம். "அக்கா, அம்மா உறை மோர் கேட்டாங்க" என்று அது போய்க் கேட்கும். இன்று நாம் வாங்குவோம், நாளை அவர்கள் வாங்குவார்கள். இந்த ஆடி மாதத்தில் நம் ஊரில் மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா வைத்து, வருகிறவர் எவரென்று பாராமல் கூழ் வார்க்கும் நம் அண்டை வீட்டாரும் இதே பாடத்தைத்தான் கற்றிருக்கிறார்கள்: சமைத்த உணவு பங்கிடுவதற்கு உரியது.

முதல் அரசர் நூலில் வரும் சாரிபாத்து கைம்பெண்ணை நினைத்துப் பார்ப்போம். பஞ்ச காலம். அவரிடம் இருந்ததெல்லாம் பானையில் ஒரு கையளவு மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும். தமக்கும் தம் மகனுக்கும் அதுவே கடைசி உணவு என்று சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, இறைவாக்கினர் எலியா வந்து அப்பம் கேட்கிறார். அந்தத் தாய் முதலில் அவருக்குச் சுட்டுக் கொடுக்கிறார். அதன்பின் பானையில் மாவு தீரவில்லை, கலயத்தில் எண்ணெய் குறையவில்லை. இந்த நிகழ்வைக் கேட்கும்போது நாம் தாயையே நினைக்கிறோம். அந்த வீட்டில் ஒரு மகனும் இருந்தான். வீட்டில் எவ்வளவு மாவு மிச்சம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அம்மா முதல் அப்பத்தை வேறொருவருக்குக் கொடுத்ததையும் அவன் பார்த்திருப்பான். வாழ்நாள் முழுதும் அவன் அதை மறந்திருப்பானா?

ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிள்ளை தனியாகத் தின்றுவிடலாம். புட்டு அவித்தால் அப்படி முடியாது. அது சட்டி நிறைய வரும். தம்பிக்கும் தாத்தாவுக்கும் அடுத்த வீட்டு அத்தைக்கும் பங்கு போகும். தான் பிசைந்த மாவைத் தானே எடுத்துப்போய்க் கொடுக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சி அந்த முகத்தில் தெரியும். அந்தப் பிள்ளை சோற்றைக் கீழே கொட்டவும் தயங்கும். உணவை வீணாக்குவது ஏழைகளின் பந்தியிலிருந்து திருடுவதற்குச் சமம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் 5 அன்று தம் மறைக்கல்வி உரையில் எச்சரித்தார். கல் பொறுக்கி, கழுவி, காவலிருந்து, அரைத்துப் பழகிய கைக்கு இந்த எச்சரிக்கை எளிதில் புரியும்.

மூன்றாவதாக, பிள்ளை கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியில்தான் நம் நம்பிக்கை கைமாறுகிறது.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இஸ்ரயேல் மக்கள் எகிப்தை விட்டுப் புறப்படும் இரவு. ஆண்டவர் அவர்களுக்கு ஓர் உணவைக் கட்டளையிடுகிறார்: ஆட்டுக்குட்டி, புளியாத அப்பம், கசப்புக் கீரை. வீடு வீடாகச் சமைத்து, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிற்காலத்தில் பிள்ளைகள், இதற்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். அப்போது ஆண்டவர் நம்மை மீட்ட வரலாற்றைச் சொல்லுங்கள் என்கிறார். பிள்ளைகளின் கேள்வி அங்கே சமையலை ஒட்டியே பிறக்கிறது. அந்தப் பாஸ்கா உணவின்போதுதான் நம் ஆண்டவர் நற்கருணையை ஏற்படுத்தினார்.

திருப்பலியில் காணிக்கை நேரத்தில் குருவானவர் அப்பத்தை உயர்த்தி, இது நிலம் தந்தது, மனித உழைப்பால் ஆனது என்று சொல்லி இறைவனைப் புகழ்கிறார். முதல் நற்கருணைக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்கள் புரிய வேண்டாமா? நிலம் என்றால் என்ன, உழைப்பு என்றால் என்ன, தானியம் எப்படி மாவாகி உணவாகிறது என்று கையால் தொட்டு அறிந்த பிள்ளை, பீடத்தில் நடக்கும் பெரும் மாற்றத்தின் வாசலிலாவது வந்து நிற்கும். மறைக்கல்வி வகுப்பில் நாம் ஒரு மணி நேரம் பேசிச் சொல்வதற்குத் தேவையான நிலத்தை உங்கள் அடுப்படி உழுது வைக்கும்.

அன்புக்குரியவர்களே, இன்று ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாள். அன்னை மரியாவின் பெற்றோராகிய சுவக்கின், அன்னா விழாவையொட்டி இந்த நாளைக் கொண்டாடும்படி 2021ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். திமொத்தேயுவுக்கு எழுதும் பவுல், அவருடைய நம்பிக்கை முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். கூழுக்கு மாவை எவ்வளவு நேரம் புளிக்கவிட வேண்டும், நொய்யை எப்போது போட வேண்டும், களி வெந்ததை எப்படி அறிவது என்பதெல்லாம் நம் வீட்டுப் பாட்டிமாரின் விரல்களில் இருக்கிறது. பெரும்பாலும் எழுதி வைக்கப்படாத அறிவு அது. அருகில் ஒரு பேரப்பிள்ளை உட்காராவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே, உடம்பில் தெம்பு எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத் திருத்தந்தை பிரான்சிஸின் குடும்பத்திலிருந்தே ஒரு பதில் கிடைக்கிறது. ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர். ஐந்தாவது பிள்ளை பிறந்தபின் அவருடைய தாய் உடல் முடங்கிப் போனார். நாள் சென்றுதான் தேறினார். அந்த நாள்களில் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது, தாய் உட்கார்ந்து உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருப்பாராம். மற்ற பொருள்களெல்லாம் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். எதை எதனோடு சேர்ப்பது, எப்படிச் சமைப்பது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் சொல்வார், பிள்ளைகள் செய்வார்கள். அப்படித்தான் நாங்கள் சமைக்கக் கற்றோம் என்று திருத்தந்தை நேர்காணல் ஒன்றில் பகிர்ந்திருக்கிறார். எழுந்து நடக்க முடியாத தாயும் பிள்ளைகளுக்குச் சமையல் கற்றுக்கொடுக்க முடிந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லும் பாட்டி ஒருவரும், செய்கிற சின்னக் கை ஒன்றும் இருந்தால் போதும்.

அந்த வீட்டில் கற்றுக்கொண்ட மூத்த பிள்ளை ஆண் பிள்ளை என்பதையும் கவனிப்போம். அடுப்படி வேலை மகளுக்கு மட்டும் என்று நம்மில் பலர் இன்றும் எண்ணுகிறோம். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் என்ன செய்தார்? இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்த சீடர்களுக்காகக் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயார் செய்து வைத்திருந்தார். சாவை வென்ற ஆண்டவர் தம் நண்பர்களுக்குக் காலை உணவு ஆக்கித் தந்தார். அப்படியிருக்க நம் மகன் மாவு பிசைந்தால், வீட்டில் இருக்கும் தந்தை கீரை ஆய்ந்தால், எந்தக் குறைவும் வந்துவிடாது.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைச் செய்து பார்ப்போம். நாளை திங்கள் இரவு, பிள்ளைகளோடு சேர்ந்து கேழ்வரகை ஊறவைப்போம். செவ்வாய் காலையில் துணியில் கட்டுவோம். புதன்கிழமை 26ஆம் தேதி, சுவக்கின், அன்னா திருநாள். அன்று மாலை செபமாலை சொன்னபின், வீட்டில் மூத்தவர் அருகில் இருக்க, மூட்டையைப் பிள்ளைகளே அவிழ்த்து முளையைப் பார்க்கட்டும். வியாழன், வெள்ளியில் காயவைத்து, சனிக்கிழமை வறுத்து அரைத்துவிடலாம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் புட்டு அவிப்போம். பிள்ளைகள் முதலில் கை கழுவட்டும். மாவில் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசிற வேண்டும். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். அந்தப் பதத்தைப் பிள்ளையின் விரலே கண்டுபிடிக்கட்டும். முதல் முறை தண்ணீர் கூடிப் போனால் திட்டாதீர்கள். கூடிப்போன மாவில் அடை தட்டலாம். அடுப்பையும் ஆவியையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கூழ், களிப் பக்கம் சிறு பிள்ளைகளை விடவேண்டாம். இட்லிப் பானையில் பத்து நிமிடம் வெந்தபின், தேங்காய்த் துருவலும் வெல்லமும் கலப்பது மீண்டும் பிள்ளைகளின் வேலை. சாப்பிடுமுன் அமைதியாக இறைவனுக்கு நன்றி சொல்வோம். உணவுக்கு முன்னும் பின்னும் நன்றி கூறும் பழக்கத்துக்குத் திரும்பும்படி "இறைவா உமக்கே புகழ்" மடலிலும் திருத்தந்தை பிரான்சிஸ் நம்மைக் கேட்டுக்கொண்டார். பிறகு முதல் கிண்ணத்தை, தனியாக வாழும் ஒரு முதியவருக்குப் பிள்ளைகள் கையாலேயே அனுப்புவோம்.

பெங்களூரிலும் திருப்பூரிலும் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய் தந்தையரே, நீங்கள் ஊரில் இல்லை என்று மனம் வருந்தவேண்டாம். புதன்கிழமை மாலை வீட்டுக்குப் போன் செய்து, "முளை விட்டதா?" என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். அது உங்களுக்குச் சொல்ல நிறைய வைத்திருக்கும்.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, எங்கள் நிலத்துக்கு மழையையும் எங்கள் பானைக்கு மாவையும் தருகிறவர் நீரே. எங்கள் பிள்ளைகளின் சிறு கைகளை ஆசீர்வதியும். அவர்கள் உழைப்பை மதிக்கவும், பொறுமையாய்க் காத்திருக்கவும், கிடைத்ததைப் பகிர்ந்து உண்ணவும் அருள்தாரும். எங்கள் வீட்டு முதியோருக்கு உடல் நலமும் மன நிறைவும் தாரும். பிழைப்புக்காகத் தொலைவில் வாழும் பெற்றோரைக் காத்து, பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமரச் செய்யும். அப்பம் பிட்டுத் தந்த எங்கள் ஆண்டவர் கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.